கணக்கு சொல்லும், இடம் சொல்லாது: கிரியேச்சர்ஸ் 3 மரபணு அனுபவம்

"கிரியேச்சர்ஸ் 3-ல ஜீன், மியூட்டேஷன்னு சொல்றாங்களே, நிஜமாவே உள்ள ஏதாவது நடக்குதா, இல்ல பேருக்குத்தானா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். செயற்கை உயிர்களை வளர்த்துப் பெருக்குகிற கம்ப்யூட்டர் கேம் அது. இரண்டு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். அது இரண்டு வரியில் அடங்குகிற கேள்வி இல்லை.

நார்ன் (நாம் வளர்க்கிற உயிர்) என்றால் என்ன, முட்டை எப்படிப் பொரிகிறது, கிரெண்டல் (நார்ன்களைத் தாக்குகிற முரட்டு உயிர்) ஏன் வம்புக்கு வருகிறது என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது 1999-ல் வந்த மூன்றாவது கேம். அதோடு 2001-ல் இலவசமாக விட்ட டாக்கிங் ஸ்டேஷன் என்ற துணை கேமை இணைத்துத்தான் ஆடுகிறேன். 2021-ல் ஸ்டீமில் மறுபடி வந்த பிறகு இன்றைய கம்ப்யூட்டரில் ஓடவைப்பது பெரிய வேலையில்லை. கிராஃபிக்ஸ் பழசு, அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேள்விக்கு நேர் பதில்: ஆமாம், நிஜமாகவே நடக்கிறது. 1996-ல் ஸ்டீவ் கிராண்ட் முதல் கேமை உருவாக்கியபோதே அடித்தளத்தை அப்படித்தான் போட்டார். ஒன்பது பகுதிகளில் ஏறக்குறைய ஆயிரம் நியூரான் கொண்ட மூளை, அதற்குக் கீழே ஓர் உடல் வேதியியல், இரண்டையும் கட்டி எழுப்பும் ஜீனோம். மூன்றாவது கேமில் அந்த ஜீனோம் பல நூறு ஜீன்களாகப் பெருத்துவிட்டது. 256 ரசாயனங்களுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். பசியே மூன்று வகை: புரதப் பசி, மாவுச்சத்துப் பசி, கொழுப்புப் பசி. எந்த ரசாயனம் எதோடு சேர்ந்து எதுவாக மாறும், எது எவ்வளவு வேகத்தில் சிதையும், எந்த அளவைத் தாண்டினால் எந்த உறுப்பு விழித்துக்கொள்ளும் என்று எல்லாவற்றையும் சொல்வது ஜீன்கள்தான். அந்த ஜீன்களுக்குள் வெறும் எண்கள். முட்டை உருவாகும்போது அம்மா ஜீனோமும் அப்பா ஜீனோமும் சில இடங்களில் வெட்டி ஒட்டப்படும். அப்போது ஏதோ ஓர் எண் மாறும், சில சமயம் ஒரு ஜீனே இரட்டிக்கும் அல்லது காணாமல் போகும். குட்டி அந்தத் தப்போடுதான் பொரியும்.

நமக்கு இருப்பதுபோல ஒவ்வொரு ஜீனுக்கும் இரண்டு பிரதி இங்கே கிடையாது. ஒரே ஒரு பிரதிதான். அதனால் ஒடுங்கிக் கிடந்து பேரன் தலைமுறையில் வெளிவருகிற சமாச்சாரம் பெரும்பாலும் இல்லை. ஆணுக்கு மட்டும், பெண்ணுக்கு மட்டும் என்று குறித்த ஜீன்கள்தான் விதிவிலக்கு. மற்றபடி மாறியது மாறியதுதான். அந்த ஜீன் விழிக்கவேண்டிய வயது வந்ததும் வேலையைக் காட்டும்.

இவ்வளவு அழகாகச் செய்தவர்கள் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒவ்வொரு நார்னும் கருவாகும்போது எத்தனை பிறழ்வு (மியூட்டேஷன்) விழுந்தது, எத்தனை இடத்தில் வெட்டி ஒட்டினோம் என்று கேம் எண்ணிவைத்துக்கொள்கிறது. கேயாஸ் என்ற அதன் உள்மொழியில் கேட்டால் எண்ணைக் கொடுத்துவிடும். பிறழ்வு: மூன்று. சரி, எந்த ஜீனில்? பேச்சே கிடையாது. பில்லில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிவிட்டு, என்ன சாமான் என்று போடாத கடைக்காரர் மாதிரி.

அம்மாவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடுமே என்பீர்கள். தெரியாது. அம்மாவிடமிருந்து வேறுபடுகிற இடங்களில் பெரும்பாலானவை அப்பாவிடமிருந்து வந்தவை. அப்பாவோடு ஒப்பிட்டால் அதே கதை திருப்பிப் போட்டு. மூன்று ஜீனோமையும் வெளியே எடுத்து வரிசையாக வைத்து, அம்மாவிடமும் இல்லாமல் அப்பாவிடமும் இல்லாமல் குட்டியிடம் மட்டும் இருக்கிற எண் எது என்று தேடவேண்டும். நடுவில் ஒரு ஜீன் இரட்டித்திருந்தால் அதற்குப் பிறகு வரிசையே நகர்ந்துவிடும், எல்லாமே மாறியதுபோலத் தெரியும். ஜீனோமைத் திறந்து பார்க்கிற கருவி கேமுக்குள்ளேயே இல்லை, தனியாகத்தான் ஓடும். கேமுக்குள் இருப்பது ஜீன் ஸ்ப்ளைசர். இரண்டு உயிரைப் போட்டால் கலந்து மூன்றாவதாக ஒன்றைத் தரும், போட்ட இரண்டும் காலி. அதற்கு எவ்வளவு பெரிய இயந்திரம், எவ்வளவு ஜோடனை! பார்த்துச் சொல்கிற கருவிக்கு மட்டும் இடமில்லையாம்.

நியாயமாகவும் யோசித்துப் பார்த்தேன். இயற்கை மட்டும் இடம் சொல்கிறதா என்று ஒரு கட்சி உண்டு. நாமே பார்த்துப் பழகிப் புரிந்துகொள்ளவேண்டும், அதுதான் இந்த கேமின் சுவை என்பார்கள். சரி, ஆனால் இயற்கை எண்ணிக்கையும் சொல்வதில்லையே. கேமே, நீ எண்ணிவைத்திருக்கிறாய், எந்த எண்ணை மாற்றினாய் என்பது மாற்றிய நொடியில் உனக்குத் தெரியும், பிறகு எதற்கு ஒளித்துவைக்கிறாய்? அதுவும் எந்த ஜீன் மாறலாம், எது மாறவே கூடாது என்று ஒவ்வொரு ஜீனிலும் முன்கூட்டியே குறித்துவைத்த இடத்தில் இயற்கையின் பெயரைச் சொல்வது கொஞ்சம் அதிகம்.

எல்லாவற்றிலும் மோசம் சிதைவு வேக ஜீன். மற்ற வேதியியல் ஜீன்கள் சின்னவை, நாலைந்து எண் இருக்கும். இது ஒன்று மட்டும் 256 ரசாயனத்தின் சிதைவு வேகத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது. "இந்த ஜீன் வேறுபடுகிறது" என்று ஒப்பீட்டில் வரும்போதே எனக்குத் தலைவலி ஆரம்பித்துவிடும். ஒருமுறை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எண் எண்ணாகப் பார்த்ததில், அட்ரினலின் சிதைகிற வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது தெரிந்தது. ஆகா, இது பயந்த சுபாவக் குட்டி என்று கிரெண்டல் பக்கத்தில் விட்டுப் பார்த்தேன். அண்ணன் தம்பிகள் எப்படி ஓடினார்களோ அப்படியே இதுவும் ஓடியது. ஒரு வித்தியாசமும் இல்லை. பெரும்பாலான பிறழ்வுகள் இப்படித்தான். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, சும்மா இருக்கும். நிஜ உயிர்களில் மூலக்கூறு அளவில் நடக்கிற மாற்றங்களில் பெரும்பங்கு இப்படி நடுநிலையானதுதான் என்று ஜப்பானின் மோட்டோ கிமுரா 1968-ல் சொன்னார். அந்த விஷயத்தில் கேம் நிஜத்துக்கு ரொம்பவே விசுவாசமாக இருக்கிறது. எனக்குத்தான் ஒரு மாலை போச்சு.

இத்தனைக்கும் பிறகு ஏன் இன்னும் இதையே கட்டிக்கொண்டு அழுகிறேன் என்றால், மின்னிதான் காரணம்.

மின்னி ஒரு பெண் நார்ன், சிச்சி இனம், என் உலகத்தில் சில தலைமுறை தாண்டிப் பிறந்தது. பார்க்க எல்லாரையும் போலத்தான். ஆனால் தப்பு செய்தால் கையால் ஒரு தட்டு தட்டுவோமே, அதை வாங்கிக்கொண்டு மற்ற குட்டிகள் ஒதுங்கும், முகத்தைச் சுளிக்கும். இது அடி வாங்கியதும் ஒரு கணம் நிற்கும், பிறகு நிதானமாகத் திரும்பிச் சாப்பாடு இருக்கிற பக்கம் நடக்கும். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். லிஃப்டையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது ஒரு தட்டு. நேராகச் சாப்பிடப் போனது. தம்பியை அறைந்ததற்கு ஒரு தட்டு. சாப்பிடப் போனது. வயிறு நிறையச் சாப்பிட்டு முடித்தவுடனேயே ஒன்று வைத்துப் பார்த்தேன், அப்போதும் அதே பாதை. 'அடிச்சுட்டீங்களா, சரி, நான் போய்ச் சாப்பிட்டுட்டு வர்றேன்' என்கிற தோரணை. இவ்வளவு திமிரை ஒரு புரோகிராமில் நான் பார்த்ததில்லை.

ஜீனோமை எடுத்தேன். கேம் சொன்ன கணக்கு: பிறழ்வு இரண்டு. மூன்று பேருடையதையும் அடுக்கி வைத்துத் தேடினேன். ஒன்று எங்கேயோ ஒரு நிறமி ஜீனில், கண்ணுக்குத் தெரியாத சாயல் மாற்றம். இன்னொன்று தூண்டல் ஜீன்களுக்கு நடுவில் இருந்தது. தூண்டல் ஜீன் என்பது ரொம்ப எளிமையான விஷயம். இன்ன சம்பவம் நடந்தால் உடம்பில் இன்னின்ன ரசாயனம் இவ்வளவு ஏறட்டும், இறங்கட்டும் என்று எழுதிவைத்த சீட்டு. கை அடித்தால் வலி ஏறவேண்டும். ரசாயனப் பட்டியலில் வலியின் எண் 148. அடுத்த எண் 149, புரதப் பசி. மின்னியின் சீட்டில் வலி இருக்கவேண்டிய இடம் ஒரே ஒரு படி நகர்ந்து புரதப் பசிக்குப் போய்விட்டது.

அவ்வளவுதான். மூளையில் ஒன்றும் மாறவில்லை. அதன் உடம்பைப் பொறுத்தவரை என் கை பட்டால் பசிக்கிறது. பசித்தால் சாப்பிடப் போவதுதானே முறை? அது ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. திமிர் என்று நான் படித்தது முழுக்க ஒரு எண்.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை வேறு எந்த கேமும் கொடுத்ததில்லை என்று தயங்காமல் சொல்வேன். நடத்தையில் ஒரு விசித்திரத்தைப் பார்த்து, அதைத் துரத்திக்கொண்டு கீழே போய், அடியில் உண்மையிலேயே ஒரு காரணம் கிடைப்பது. எழுதியவர் யாரும் 'அடித்தால் சாப்பிடும் நார்ன்' என்று ஒன்றை யோசித்து வைக்கவில்லை. அது தானாக விளைந்தது.

இன்னொன்றும் உறைத்தது. நான் தலையிடாமல் உலகத்தை அதன் போக்கில் ஓடவிட்டிருந்தால் இந்தப் பிறழ்வு இருந்தும் இல்லாத மாதிரிதான். கை அடித்தால்தானே அந்தச் சீட்டு வெளியே வரும்? நார்ன் ஆட்கள் 'வுல்ஃப்லிங் ரன்' என்று ஒன்று செய்வார்கள். ஒரு ஜோடியை விட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவது, பல தலைமுறை கழித்து வந்து யார் மிஞ்சினார்கள் என்று பார்ப்பது. நானும் ஓட்டியிருக்கிறேன். மிஞ்சுகிறவர்கள் சுவாரசியமானவர்களாக இருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆயுள் என்று ஒரு ரசாயனம் உண்டு. அது சிதையச் சிதையத்தான் குழந்தை, சிறுவன், வாலிபன் என்று முதுமை வரை ஏழு பருவமும் வரும். அதன் சிதைவு நின்றுபோன ஒரு நார்ன் பிறந்தால் அது நடு வயதிலேயே நின்றுவிடும், சாகாது. கேமில் இத்தனை உயிர்தான் என்று ஒரு வரம்பு இருக்கிறதா, சாகாதவர்கள் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டால் புதுசாக முட்டைக்கு இடமில்லை. ஒரே முகங்கள், ஒரே நடை, நாள் முழுக்க. அமரத்துவம் இவ்வளவு சலிப்பாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

கிழப் பருவத்தில் விழிக்கிற ஜீன்களில் குப்பை சேர்வதையும் இங்கே நேரில் பார்க்கலாம். குட்டி போட்டு முடித்த பிறகு என்ன கெட்டால் என்ன, இயற்கைத் தேர்வு அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. நிஜ முதுமைக்கு இதே மாதிரியான ஒரு விளக்கத்தைப் பீட்டர் மெடவார் 1952-லேயே எழுதிவைத்திருக்கிறார். அதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த கிழவர் பருவம் மாறிய நிமிடத்தில் சுருண்டு விழுவதைப் பார்ப்பது வேறு.

ஆக, ஆழம்? இருக்கிறது. நேர்மை? இருக்கிறது. ஒரு பழைய கேமுக்குள் இவ்வளவு உயிரா என்றால், ஆமாம்.

ஆனால் வாங்கலாமா என்று கேட்டால் இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். மின்னி போய்ச் சேர்ந்து நாளாகிறது. அதன் சீட்டைச் சுமந்துகொண்டு ஒரே ஒரு மகன் மிச்சம் இருந்தான். அவனுக்கு இப்போது குட்டிகள் பிறந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக முகத்தைச் சுளிக்கின்றன. வெட்டி ஒட்டியபோது அந்தத் துண்டு குட்டிகளுடைய அம்மா பக்கத்திலிருந்து வந்துவிட்டது போல. மகனும் கிழப் பருவத்தைத் தொட்டுவிட்டான். இந்த நிலைமையில் கடைசிக் குட்டிக்குக் கேம் சொல்கிறது: பிறழ்வு நான்கு. எங்கே என்று கேட்டால் வழக்கம்போல மௌனம். சிதைவு வேக ஜீன் வேறு ஒப்பீட்டில் சிவப்பாகத் தெரிகிறது. இன்னொரு 256 எண்.

நண்பா, என் பேச்சைக் கேட்காமல் வாங்கத்தான் போகிறாய், எனக்குத் தெரியும். அப்படியானால் ஒன்று மட்டும் செய். முட்டை விழுவதற்கு முன்னாலேயே அம்மா, அப்பா இரண்டு பேருடைய ஜீனோமையும் எடுத்துப் பெயர் போட்டுத் தனி ஃபோல்டரில் வை. அதைச் செய்யாமல், குட்டி வினோதமாக நடக்கிறது, என்னவென்று பார்த்துச் சொல் என்று என்னிடம் வராதே.