வாய்க்காலின் குறுக்கே சராசரி: பரப்பா, பாய்வா?

கிருஷ்ணகிரி அணையிலிருந்து பிரியும் பாசன வாய்க்கால் ஒன்றில் கரைந்த உரம் பரவுவதைக் கணினியில் உருவகப்படுத்தினால், ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் நூற்றுக்கணக்கான செறிவு மதிப்புகள் கிடைக்கும். அவற்றை ஒரே எண்ணாகச் சுருக்க இரண்டு வழிகள் உண்டு. பரப்புச் சராசரி, குறுக்குவெட்டைப் பிரித்த ஒவ்வொரு சிறு கட்டத்தின் செறிவையும் அதன் பரப்பால் எடையிடுகிறது. பாய்வுச் சராசரி அதனுடன் நீரின் வேகத்தையும் பெருக்கிக்கொள்கிறது.

சம பரப்புள்ள மூன்று பட்டைகளில் வேகம் நொடிக்கு 0.2, 0.8, 0.2 மீட்டர் எனவும், செறிவு லிட்டருக்கு 10, 40, 10 மில்லிகிராம் எனவும் கொள்வோம். பரப்புச் சராசரி 20. பாய்வுச் சராசரியோ 30. சராசரி வேகமான 0.4-ஐ 20-ஆல் பெருக்கி உரத்தின் கடத்தலைக் கணித்தால், உண்மையில் கடந்து செல்வதில் மூன்றில் ஒரு பங்கு கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். அந்த விடுபட்ட பங்கைத்தான், வாய்க்காலின் நீளத்தை மட்டும் கருதும் ஒருபரிமாண மாதிரிகள் நீள்வாக்குப் பரவல் (வேக வேறுபாட்டால் கரைபொருள் நீளவாக்கில் பரவுவது) என்ற தனி உறுப்பாகச் சமன்பாட்டில் சேர்க்கின்றன. குழாயில் நீர் கலங்காமல் அடுக்கடுக்காகச் செல்லும் சீரடுக்கு ஓட்டத்துக்கு அந்த உறுப்பை பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1953-இல் வருவித்தார்.

ஆகவே வயலுக்குப் போய்ச் சேரும் உரத்தின் அளவு வேண்டுமெனில் பாய்வுச் சராசரியே சரி. ஒரு கணத்தில் வாய்க்காலுக்குள் தங்கியிருக்கும் மொத்த உரத்தை அறியப் பரப்புச் சராசரி போதும். மதகருகே நீர் எதிர்த்துச் சுழலும் இடங்களில் எதிர்க்குறி வேகங்கள் எடைகளாவதால், பாய்வுச் சராசரி அங்குள்ள உச்சச் செறிவையும் தாண்டலாம். கரையோரக் கட்டங்கள் நெருக்கமாக இருக்கும்போது, எடையே இடாமல் கூட்டி வகுப்பது இரண்டிலும் சேராத பிழை.