சதவீதக் கணக்கில் நிதி விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்பவரிடம் கவனமாக இருங்கள்

நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் இரவல் கொடுத்து, பழுதானால் சரிசெய்தும் தரும் சிறிய தொண்டு அமைப்பு எங்களுடையது. முழுநேர ஊழியர் ஒருவர்தான். மற்றவர்கள் வேலை முடிந்து மாலையில் வருகிறவர்கள். நிதி விண்ணப்பம் எழுதிப் பழக்கப்பட்டவர்கள் எங்களில் யாரும் இல்லை.

அப்போதுதான் ஆலோசகர் ஒருவர் அறிமுகமானார். கொஞ்சம் முன்பணம், நிதி கிடைத்தால் அதில் பத்து சதவீதம் என்றார். "கிடைக்காவிட்டால் உங்களுக்குப் பெரிய நட்டமில்லையே" என்று அவர் சொன்னபோது நியாயமாகத்தான் பட்டது. ஒப்புக்கொண்டோம். ஆனால் நிதி தருகிறவர்கள் பொதுவாகத் திட்டச் செலவுக்குத்தான் பணம் தருகிறார்கள். விண்ணப்பம் எழுதியவருக்குக் கமிஷன் கொடுக்க அதில் இடமிருக்காது. நிதி திரட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் அமைப்பான அசோசியேஷன் ஆஃப் ஃபண்ட்ரெய்சிங் புரொஃபஷனல்ஸ், இப்படிச் சதவீதத்தில் ஊதியம் வாங்குவதைத் தன் நெறிமுறையிலேயே தடுத்திருக்கிறது. முறையாக எழுதுகிறவர்கள் ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு அல்லது மணிக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். இவையெல்லாம் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவை.

அந்த ஆலோசகர் கடைசி நாள் வரை வரைவைக் காட்டவே இல்லை. கேட்டபோதெல்லாம் மெருகேற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இணையத்தில் விண்ணப்பிக்கும் கணக்கையும் தன் மின்னஞ்சல் முகவரியிலேயே தொடங்கியிருந்தார். அனுப்பிய பிறகுதான் எங்கள் கைக்கு ஒரு பிரதி வந்தது.

அன்றிரவே எங்கள் பொருளாளர் அதை வரிவரியாகப் படித்தார். பதினொன்றாம் பக்கத்தில், "எங்கள் தையல் மையத்தில் பயிற்சி முடித்த பெண்கள்" என்று ஒரு பத்தி. எங்களுக்குத் தையல் மையமே கிடையாது. வேறு யாருக்கோ எழுதியதில் பெயரை மாற்றி எங்களிடம் தள்ளியிருக்கிறார்.

அதைக்கூடக் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். எங்கள் இரவல் பதிவேட்டின்படி அந்த ஆண்டு நாற்காலி வாங்கிச் சென்றவர்கள் 62 பேர். விண்ணப்பத்தில் 620. தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால், பட்ஜெட் பக்கத்தில் ஒரு பயனாளிக்கு ஆகும் செலவையும் 620 ஆல் வகுத்தே போட்டிருந்தார். அதே பக்கத்தில் 'தன்னார்வலர் பயிற்சி' என்று ஒரு செலவு. அப்படியொரு பயிற்சி எங்கள் திட்டத்திலேயே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால், அது கேட்ட நிதியில் சரியாகப் பத்து சதவீதம். இத்தனைக்கும் கீழே எங்கள் தலைவரின் கையெழுத்து இருந்தது. கையெழுத்துப் பக்கத்தை மட்டும் ஆலோசகர் முன்கூட்டியே வாங்கிச் சென்றிருந்தார். அதைக் கொடுத்தது எங்கள் தவறுதான்.

மறுநாள் காலையிலேயே நிதி தரும் அறக்கட்டளைக்கு உண்மையை எழுதி, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றோம். அங்கிருந்து பேசிய அதிகாரி கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுற்றில் மறுபடி விண்ணப்பிக்க வழியில்லை. முன்பணமும் திரும்பவில்லை.

எழுத ஆள் வைப்பது தவறே அல்ல. ஆனால் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். ஒரு வாரம் முன்பே வரைவு வராவிட்டால் அந்த வாய்ப்பையே விட்டுவிடுங்கள். வந்ததும், களத்தில் வேலை செய்கிறவரை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு வாய்விட்டுப் படியுங்கள். படிக்காத எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் முன்பு எழுதிக் கொடுத்த அமைப்புகளை நீங்களே அழைத்துப் பேசுங்கள். நாங்கள் அவர் காட்டிய பாராட்டுக் கடிதங்களோடு நின்றுவிட்டோம்.

பணத்தைவிட வேறொன்று உறுத்துகிறது. விண்ணப்பத்துக்காக எங்கள் பயனாளிகளின் புகைப்படங்களையும் குடும்ப விவரங்களையும் அவரிடம் கொடுத்திருந்தோம். எங்களை நம்பி அவர்கள் தந்தவை அவை. அழித்துவிடும்படி இரண்டு முறை எழுதிவிட்டோம், பதில் இல்லை. அந்தத் தையல் மையத்துப் பெண்களைப் போல, எங்கள் பயனாளிகளும் இன்னொருவர் விண்ணப்பத்தில் போய் உட்காரலாம். அதனால் இப்போது ஒவ்வொரு வீடாகப் போய், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னும் ஒன்பது வீடுகள் இருக்கின்றன.