பாஸ்போ-ஏகேடி (செர்473) ஆன்டிபாடி: நாலு குப்பி தீர்ந்த பிறகு

பக்கத்து லேபில் "வாங்கலாமா?" என்று கேட்டதால் எழுதுகிறேன். ஏகேடி என்ற புரதத்தின் 473-ஆம் செரினில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (ஜெல்லில் பிரித்த புரதத்தை சவ்வுக்கு மாற்றி ஆன்டிபாடியால் தேடும் முறை) காட்டும் ஆன்டிபாடி இது. முயல் மோனோகுளோனல், 100 மைக்ரோலிட்டர் குப்பி. இப்போது ஐந்தாவது ஓடுகிறது.

எரிச்சலை முதலில் கொட்டிவிடுகிறேன். பாதிக்குப் பாதி கிளிசரால் இருப்பதால் மைனஸ் 20-இல் உறையாது, அது வசதிதான். ஆனால் பிப்பெட் டிப்பை ஆழமாக விட்டால் அதன் வெளிப்புறமெல்லாம் தேன் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். 10 மைக்ரோலிட்டர் எடுத்ததாக நினைப்போம், 12 போயிருக்கும். 1:1000 கணக்கில் 10 மில்லிக்கு 10 மைக்ரோலிட்டர் என்றால் பத்து பிளாட் வர வேண்டும். எட்டிலேயே குப்பி வறண்டுவிடுகிறது. இந்த விலைக்கு வயிறு எரிகிறது. திறக்கும் முன் குப்பியை ஒரு சுற்று ஸ்பின் செய்து, மூடியில் ஒட்டியதை இறக்குங்கள். டிப்பின் நுனி மட்டும் மேற்பரப்பைத் தொடட்டும். மெதுவாக இழுத்து, உள்விளிம்பில் துடைத்து எடுங்கள்.

வேலையில் குறை சொல்ல முடியாது. 60 கிலோடால்டனில் ஒரே பட்டை, பின்னணி சுத்தம். பட்டை வரவில்லையென்றால் ஆன்டிபாடியைத் திட்டாதீர்கள், லைசேட்டை (செல்களை உடைத்து எடுத்த கரைசல்) பாருங்கள். பெரும்பாலும் பாஸ்பேட்டை வெட்டும் பாஸ்படேஸ் நொதி தின்றிருக்கும். லைசிஸ் முழுக்க ஐஸில் நடக்க வேண்டும், அந்த நொதியைத் தடுக்க பஃபரில் 10 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடும் 1 மில்லிமோலார் ஆர்த்தோவனடேட்டும் வேண்டும். வனடேட்டை பிஹெச் 10-இல் நிறம் போகும்வரை கொதிக்க வைத்திருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் பல வனடேட் ஒட்டிய டெக்காவனடேட் மிச்சமிருக்கிறது, அதை நம்பாதீர்கள். பிளாக் செய்ய (சவ்வின் வெற்றிடங்களை மூட) பால் பவுடர் வேண்டாம். கேசீனே ஒரு பாஸ்போபுரதம், பின்னணியைக் கருக்கிவிடும். டிபிஎஸ்டி-யில் (ட்வீன் கலந்த டிரிஸ் பஃபர்) 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின்) போடுங்கள், அதிலேயே ஆன்டிபாடி 4 டிகிரியில் இரவு முழுக்க.

பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு எல்என்கேப் என்ற புரோஸ்டேட் புற்றுநோய்ச் செல் போதும். அதில் ஏகேடியை அடக்கி வைக்கும் பிடென் புரதம் செயல்படாததால் சீரம் நிறுத்தினாலும் பட்டை நிற்கும். அதே செல்லுக்கு ஏகேடியைத் தூண்டும் பிஐ3கே நொதியைத் தடுக்கும் எல்ஒய்294002-ஐ 50 மைக்ரோமோலாரில் ஒரு மணி நேரம் கொடுத்தால் பட்டை மங்கிவிட வேண்டும். மங்காவிட்டால் அந்த பிளாட்டையே நம்ப வேண்டாம். மொத்த ஏகேடி பார்க்க ஸ்ட்ரிப் செய்யாமல் (அதே சவ்விலிருந்து ஆன்டிபாடியைக் கழுவி எடுக்காமல்) இரட்டை ஜெல் ஓட்டுங்கள், மிச்ச சிக்னல் ஏமாற்றும்.

ஒன்று மட்டும் இதனால் முடியாது. ஏகேடியின் உடன்பிறப்பு வடிவங்களான (ஐசோஃபார்ம்) ஏகேடி2-இன் 474, ஏகேடி3-இன் 472 இரண்டையும் இது சேர்த்தே பிடிக்கும். எந்த ஐசோஃபார்ம் என்பதுதான் உங்கள் கேள்வியென்றால் இது தனியாகப் பதில் தராது.

இவ்வளவு புகழ்ந்தும், இப்போதைக்கு வாங்காதீர்கள் என்றே சொல்வேன். எங்கள் குப்பியிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்துப்போய் உங்கள் லைசேட்டில் ஒரு பிளாட் ஓட்டிப் பாருங்கள். நுனியைத் துடைத்து எடுங்கள்.