மஞ்சள் கயாக், மஞ்சள் பெயின்ட், ₹38,500 அவுட்: சேலத்தில் பழைய படகு வாங்கப் போறவங்க கவனத்துக்கு

சேலம், மேட்டூர், எடப்பாடி பக்கம் சொந்தமா ஒரு கயாக் (துடுப்பு போட்டு ஓட்டுற சின்னப் படகு) வாங்கி லீவு நாளில் தண்ணியில இறங்கலாம்னு நினைக்கிறவங்க இதைப் படிச்சுட்டு அப்புறம் பணத்தை எடுங்க. முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் போயிருக்கு. கோபம் இன்னும் அடங்கலை, எழுத்து அப்படி இப்படி இருந்தா பொறுத்துக்குங்க. பழைய படகை எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசியில் வரிசையாச் சொல்றேன்.

கடை பேரைப் போடப் போறதில்லை. பழைய ஜிம் சாமான், டென்ட், சைக்கிள், படகுன்னு கிடைச்சதை வாங்கி விற்கிற இடம். ஆன்லைனில் விளம்பரம் போட்டு, ஊருக்கு வெளியே இருக்கிற குடோனுக்கு வரச் சொல்லி வியாபாரம் பண்றாங்க. விளம்பரத்தில் இருந்தது இதுதான்: ரெண்டு பேர் உட்காரும் சிட்-ஆன்-டாப் (மேல்தளத்தில் உட்கார்ந்து ஓட்டுற) கயாக், பன்னிரண்டு அடி, மஞ்சள், துடுப்பு 2, லைஃப் ஜாக்கெட் 2, ‘ஏற்காடு ரிசார்ட்ல ஓடுனது, கன்டிஷன் சூப்பர்’. சொன்ன விலை 45,000. பேசி முடிச்சது ₹38,500. டாடா ஏஸ் வாடகை தனி.

நம்ப வெச்ச விதத்தைக் கேளுங்க. குடோன் பையன் படகை ரெண்டு பழைய டயர் மேல் தூக்கி வெச்சு, ஹோஸ் பைப்பில் மேல்தளம் முழுக்கத் தண்ணி விட்டான். தளத்தில் இருக்கிற ஸ்கப்பர் ஓட்டை வழியா அது கீழே கொட்டிப் போச்சு. அப்புறம் பின்பக்க டிரெய்ன் பிளக்கை, அதாவது உள்ளே சேரும் தண்ணியை வடிக்கிற மூடியைத் திருகி எடுத்தான், முன்பக்கத்தை ஆளுயரத்துக்குத் தூக்கினான். உள்ளே இருந்து ஒரு சொட்டு வரலை. “பாருங்கண்ணா, சொட்டுத் தண்ணி இல்ல. நம்மகிட்ட ஒளிவு மறைவே கெடையாது. ரிசார்ட் கொளத்துல சும்மா சுத்துனது, ஆத்துத் தண்ணியே பாத்ததில்ல.” வாங்குறவங்க கேக்கறதுக்கு முன்னாடியே பிளக்கைக் கழட்டிக் காட்டுற ஆளை யார்தான் சந்தேகப்படுவாங்க? அங்கேயே ஜிபேயில் ₹38,500 போயிடுச்சு. கையில் கொடுத்தது ‘எஸ்டிமேட்’னு அச்சடிச்ச ஒரு துண்டுச் சீட்டு.

அந்த ஹோஸ் பைப் வித்தை எதையும் நிரூபிக்காது. ஏன்னா சிட்-ஆன்-டாப் கயாக்கில் மேல்தளமும் அடித்தளமும் சேர்ந்து மூடின ஒரே கூடு. ஸ்கப்பர் ஓட்டைங்கிறது மேலிருந்து கீழ் வரைக்கும் போகிற ஒரு குழாய். மேலே ஊத்துற தண்ணி அந்தக் குழாய் வழியா வெளியேதான் போகும், கூட்டுக்குள்ள போகாது. அந்தக் குழாயும் அடித்தளமும் சேருகிற வளையம்தான் இந்தப் படகின் பலவீனமான இடம். ரிசார்ட்டில் படகை நகர்த்த, ரெண்டு கம்பி நீட்டின தள்ளுவண்டி வெச்சிருப்பாங்க. கம்பியை ஸ்கப்பர் ஓட்டைக்குள்ள சொருகித் தள்ளிட்டுப் போவாங்க. முப்பது கிலோவுக்கு மேல இருக்கிற படகு மொத்தமும் அந்த ரெண்டு வளையத்தில் உட்காரும். மேடு பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி அங்க மயிர்க்கோடு மாதிரி விரிசல் விழும். காலியா இருக்கும்போது விரிசல் மூடியே இருக்கும். ரெண்டு ஆள், நூத்து நாப்பது கிலோ ஏறி அடித்தளம் வளையும்போதுதான் வாயைத் திறக்கும்.

திறந்தது பூலாம்பட்டியில், காவிரியில். நெரிஞ்சிப்பேட்டை கதவணை தேக்கின தண்ணி அங்க அகலமா, அமைதியா நிக்கும். எடப்பாடிப் பக்கத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். படகுத் துறையில் சொல்லிட்டு, அக்கரைக்குப் போற மோட்டார் படகுங்க வழியை விட்டு ஒதுங்கிக் கரையோரமாத்தான் போனது. முதல் அறிகுறி, கால் வைக்கிற பள்ளத்தில் ஸ்கப்பர் வழியாத் தண்ணி மேலேறி நின்னது. லோடு அதிகம்னாலும் அப்படி நிக்கும், அதனால் ஏமாந்துடுவோம். ரெண்டாவது, துடுப்பு போட்டாலும் முன்பக்கம் திரும்பவே மாட்டேங்குது. மூணாவதுதான் பயங்கரம்: லேசா ஒரு பக்கம் சாய்ஞ்சா படகு நிமிர்றதுக்குப் பதிலா அந்தப் பக்கமே சரியுது. உள்ளே சேர்ந்த தண்ணி சாய்ஞ்ச பக்கத்துக்கு மொத்தமா ஓடிவந்து எடை போடுது. ஒரு லிட்டர் ஒரு கிலோ, கணக்குப் போட்டுக்குங்க. மலிவு ரகத்தில் கூட்டுக்குள்ள மிதவை ஃபோமும் கிடையாது, தடுப்புச் சுவரும் கிடையாது. முழுசா நிரம்பினா பேருக்குத்தான் மிதக்கும், மேல ஆள் உட்கார முடியாது. கரைக்கு இழுத்துப் போட்டு பிளக்கைத் திறந்தா குடம் குடமாக் கொட்டுது.

சேலத்தில் தண்ணி டேங்க் வெல்டிங் பண்றவரிடம் கொண்டுபோனது. ஆச்சரியப்படாதீங்க, மொட்டை மாடி பிளாஸ்டிக் டேங்கும் இந்தப் படகும் ஒரே பாலிஎத்திலீன் பொருள், ஒரே சுழல் வார்ப்பு முறையில் செஞ்சது. படகைக் கவிழ்த்துப் போட்டு, பின் சீட்டுக்குக் கீழே இருக்கிற ஸ்கப்பர் வளையத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வெச்சு லேசா நெம்பினார். அரையடி நீளத்துக்கு ஒரு துண்டு முழுசாக் கழன்று கையில் வந்தது. மேலே மஞ்சள் ஸ்ப்ரே பெயின்ட், அடியில் சாம்பல் நிற எம்-சீல். “இதுல எம்-சீலும் ஒட்டாது, ஃபெவிக்விக்கும் ஒட்டாதுங்க. எவனோ விக்கறதுக்காக அடைச்சிருக்கான்” என்றார். பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் நிக்காது. அதே பிளாஸ்டிக் குச்சியை உருக்கித்தான் வெல்டிங் பண்ணணும். இந்தப் படகில் அதுவும் முடியாதாம். வெயிலில் வருஷக்கணக்கில் கிடந்து பிளாஸ்டிக் உயிர் போயிடுச்சு. சூடு காட்டினா பக்கத்தில் புதுசா விரிசல் ஓடுது.

வெயிலில் செத்த படகு எப்படிப் பளபளன்னு இருந்தது? டயர் பாலிஷ். ஈரத்துணியும் சோப்பும் போட்டுத் துடைச்சதும் மஞ்சள் வெளிறிப் போய், விரலில் சாக்பீஸ் தூள் மாதிரி ஒட்டுது. அடியில் நீளவாக்கில் சரளைக்கல் இழுத்த கோடு கோடா இருக்கு. ஆத்துத் தண்ணியே பார்க்காத படகுக்கு அந்தக் கோடு எங்கிருந்து வந்ததுன்னு அந்தப் பையன்தான் சொல்லணும். பின்பக்கம் வார்ப்பில் பதிஞ்ச படகு அடையாள நம்பரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. அமெரிக்கச் சந்தைக்குச் செஞ்ச படகுன்னா அந்த நம்பரின் கடைசி ரெண்டு இலக்கம் மாடல் வருஷம். வயசு தெரியக் கூடாதுன்னு அழிச்சிருக்காங்க, வேற என்ன?

லைஃப் ஜாக்கெட் கதை தனி. ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்தா உள்ளே டிவி பெட்டியில் வரும் தெர்மாகோல் துண்டு, பாதி பொடிஞ்சு கிடக்கு. படகு ஓட்டைங்கிறதை விட இதுக்குத்தான் ரத்தம் கொதிக்குது. துடுப்பு ரெண்டில் ஒண்ணு நடு இணைப்பில் ஆடுது, அதை விடுங்க.

இனி போன் படலம். முதல் நாள், “அப்படியாங்கண்ணா? வீடியோ அனுப்புங்க, ஓனர்கிட்ட காட்றேன்.” அனுப்பியாச்சு. அடுத்து, “ஓனர் வெளியூர்ல இருக்காருங்கண்ணா.” அப்புறம் அந்த ஓனரே லைனில் வந்து, “சார், கல்லுல ஏத்திட்டு எங்க மேல பழி போடறீங்க” என்றார். எம்-சீல் வெச்சு அடைச்சதும் அந்தக் கல்லுதானான்னு கேட்டதும் பேச்சு மாறிடுச்சு: “நாங்க குடுக்கும்போது நல்லாத்தான இருந்துச்சு? தண்ணியில எறக்கினதுக்கு அப்பறம் நாங்க பொறுப்பு இல்ல.” கயாக்கை விற்கிற ஆள் சொல்றார், தண்ணியில் இறக்கினா பொறுப்பு இல்லையாம்! மொட்டை மாடியில் வெச்சுக் கும்பிடவா ₹38,500 கொடுத்தது? கடைசியா, “வேணும்னா பத்தாயிரத்துக்கு நாங்களே திரும்ப எடுத்துக்கறோம்.” எடுத்து மறுபடி பெயின்ட் அடிச்சு இன்னொருத்தர் தலையில் கட்டத்தான். அதை மறுத்ததும் வாட்ஸ்அப்பில் டிபி காணோம், ஒற்றை டிக்தான் விழுது. விளம்பரம் போட்ட ஆப்காரங்களோ, “நேரில் நடந்த பரிவர்த்தனையில் நாங்கள் தலையிடுவதில்லை” என்று ரெடிமேட் பதில் அனுப்பிட்டாங்க.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிஞ்சாச்சு. அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், கழன்று வந்த எம்-சீல் துண்டு மூணும் பத்திரமா இருக்கு.

வரிசையாச் சொல்றேன்னு சொன்னேன், இப்போ பொறுமை இல்லை. முக்கியமானது மட்டும்.

ஓட்டை பார்க்கறதுன்னா மூடிகளை இறுக்கிட்டு, டிரெய்ன் ஓட்டை வழியா ப்ளோயரில் லேசாக் காத்து விட்டு, கவிழ்த்த அடிப்பக்கம் முழுக்க சோப்புத் தண்ணி தடவுங்க. விரிசல்ல குமிழி வரும். கம்ப்ரஸர் வேண்டாம், கூடு வெடிச்சிடும். இதுக்கு ஒத்துக்காத கடையில் வாங்காதீங்க.

ஸ்கப்பர் வளையத்தில் நகத்தால் சுரண்டுங்க. நிறம் பெயின்ட்டா உரிஞ்சு வந்தா திரும்பிப் பார்க்காம வந்துடுங்க. இந்தப் படகில் நிறம் பிளாஸ்டிக்கோடயே கலந்து வரும், யாரும் பெயின்ட் அடிக்கறதில்லை.

ஜாக்கெட்டில் ஐந்து கிலோ எடைக்கல்லைக் கட்டித் தொட்டியில் போடுங்க. மிதக்க வைக்கிற திறன் 50 நியூட்டன்னு போட்டிருந்தா தாங்கியாகணும். முங்கினா வேண்டாம்.

நல்ல படகே வாங்கினாலும் வண்டியில் ஏத்தினதும் டிரெய்ன் பிளக்கைத் திறந்து விடுங்க. வெயிலில் உள்காத்து வீங்கும். இருபது கொண்டை ஊசி ஏறி ஏற்காடு போனா வெளிக்காத்தின் அழுத்தமும் குறைஞ்சு இன்னும் வீங்கும், விரிசல் அங்கேயே ஆரம்பிக்கும். தண்ணியில் இறக்கறதுக்கு முன்னாடி மறக்காம மூடுங்க.

பூலாம்பட்டிப் பக்கம் கதவணைக்குக் கிட்ட போகவே போகாதீங்க. மேட்டூரில் எவ்வளவு திறந்து விட்டிருக்காங்கன்னு அன்னிக்குக் காலையிலேயே கேட்டுட்டுக் கிளம்புங்க.

ஜிஎஸ்டி பில் இல்லாம ஒரு ரூபாய் போடாதீங்க. அந்தக் குடோனில் ஒரு ஆரஞ்சு, ஒரு பச்சைன்னு ரெண்டு டபுள் சீட்டர் இன்னும் கிடக்கு, அதே பளபளப்போட. விளம்பரம் நேத்தும் ஓடிட்டு இருந்தது, இப்போ விலை 36,000.