23 வயதில் முதல் கார்: மூன்று ஆண்டு இன்சூரன்ஸ் அனுபவம்

2022 ஆகஸ்டில் கோவையில் ஒரு கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் இடம்) 2016 மாடல் வேகன் ஆர் வாங்கினேன். அப்போது எனக்கு 23 வயது, லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம். காரின் விலையைக் கேட்டதைவிட வீட்டில் எல்லோரும் கேட்டது இன்சூரன்ஸைப் பற்றித்தான். சின்ன வயது என்றால் பிரீமியத்தை ஏற்றிவிடுவார்கள் என்று லண்டனில் இருக்கும் அத்தை மகன் போனில் பயமுறுத்தியிருந்தான். அங்கே அவனுக்குக் காரில் ஒரு கருவியைப் பொருத்தி, எப்படி ஓட்டுகிறான் என்று பார்த்துத்தான் பிரீமியம் போடுகிறார்களாம்.

நம் ஊரில் நிலைமை வேறு. நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் பாதிப்பைப் பார்க்கும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸின் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது, அதில் ஓட்டுநரின் வயதுக்கு இடமே இல்லை, இன்ஜினின் சிசியை மட்டும்தான் பார்க்கிறார்கள். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு வருடம் 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. எனக்கு ஸ்விஃப்ட் மேல்தான் ஆசை. அது 1197 சிசி, வேகன் ஆர் 998 சிசி. இந்த ஒரு வித்தியாசத்துக்கே ஜிஎஸ்டியோடு சேர்த்து வருடம் சுமார் 1,560 ரூபாய் கூடும். வேகன் ஆர் எடுக்க அதுவும் ஒரு காரணம்.

முதல் அடி ஒரே மாதத்தில் விழுந்தது. "இன்சூரன்ஸ் நவம்பர் வரைக்கும் இருக்குதுங்க தம்பி, அதுவரைக்கும் ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று கன்சல்டிங்கில் சொல்லியிருந்தார்கள். நானும் ஆர்சியில் பெயர் மாறிவிட்டது, எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டேன். செப்டம்பர் கடைசியில் ரிவர்ஸ் எடுக்கும்போது காம்பவுண்டுத் தூணில் இடித்துவிட்டேன். பின் பம்பர் கிழிந்தது, வலது பக்க டெயில் லேம்ப் நொறுங்கியது. க்ளைம் போட்டால், ஆர்சி என் பெயரில், பாலிசி பழைய உரிமையாளர் பெயரில், கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 6,800 ரூபாய் கையிலிருந்து போனது.

விதி என்னவென்றால், கார் கைமாறினால் தேர்டு பார்ட்டி பகுதி வண்டியோடு சேர்ந்து புது உரிமையாளருக்கு வந்துவிடும். நம் காருக்கு ஆகும் சேதத்தைப் பார்க்கும் ஓன் டேமேஜ் பகுதி தானாக வராது. 14 நாட்களுக்குள் எழுதிக் கொடுத்து நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய கார் வாங்கும் இளைஞர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. கோபப்பட வேண்டிய விஷயம் இதுதான், பிரீமியம் அல்ல.

அப்புறம் நவம்பரில் புதுப்பிக்கும் நேரம். ஏஜென்ட் ஒருவர் 4,359 ரூபாய் என்று கொட்டேஷன் அனுப்பினார். மற்ற எல்லா இடத்திலும் ஆறாயிரத்துக்கு மேல். சந்தோஷமாகப் பணம் அனுப்பப் போனேன். அதற்கு முன் அந்தத் தாளை ஒரு தடவை வரி வரியாகப் படித்தேன். "நோ கிளைம் போனஸ் 50%" என்று இருந்தது. அந்த இடிக்குப் பிறகு மாற்றி, பாலிசி என் பெயருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, எனக்கு ஏது 50 சதவீதம்? அது பழைய உரிமையாளர் பல வருடம் க்ளைம் போடாமல் சேர்த்தது. அந்தத் தள்ளுபடி ஆளுக்குச் சொந்தம், காருக்கு அல்ல. அவர் அதைத் தன் அடுத்த காருக்குக் கொண்டுபோவார். நான் அதை எடுத்துக்கொண்டால் பொய்யான தகவல் கொடுத்ததாகும், நாளைக்கு பெரிய விபத்து நடந்தால் அதைக் காட்டியே க்ளைமை மறுக்கலாம். ஏஜென்டிடம் கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றார். நான் போடவில்லை. போனஸ் பூஜ்யம் என்று சொல்லி 6,247 ரூபாய் கட்டினேன். 1,888 ரூபாய் அதிகம். மாதச் சம்பளத்தில் அது உறைத்தது, ஆனாலும் இன்றுவரை சரி என்றுதான் நினைக்கிறேன்.

என் அனுபவத்தில், இங்கே இளம் ஓட்டுநருக்குச் செலவு கூடுவது வயதால் அல்ல. நம் பெயரில் போனஸ் எதுவும் சேர்ந்திருக்காது, அதனால்தான். முதல் வருடம் க்ளைம் இல்லாமல் ஓட்டினால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, கடைசியில் 50. இது ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும்தான் கிடைக்கும்.

எனக்கு வந்த கணக்கு இப்படி: 2023 நவம்பரில் ஓன் டேமேஜ் 3,000, அதில் 20 சதவீதம் கழித்து, தேர்டு பார்ட்டி, 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 5,303 ரூபாய். 2024 நவம்பரில் 4,949. உரிமையாளருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீட்டை என் பைக் பாலிசியிலேயே எடுத்திருந்தேன். ஒரு ஆளுக்கு ஒன்று போதும் என்பதால் காரில் மறுபடி கட்டவில்லை. புதுப்பிக்கும்போது இதைச் சொல்லவில்லை என்றால் தானாகவே சேர்த்துவிடுவார்கள், கவனித்து எடுக்கச் சொல்ல வேண்டும்.

2023இல் இன்னொரு பாலிசி கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தது. இந்த முறை போனஸில் தப்பில்லை, ஐடிவியில்தான் கை வைத்திருந்தார்கள். ஐடிவி என்பது கார் திருடுபோனாலோ முழுக்க நொறுங்கினாலோ நமக்குக் கிடைக்கும் தொகை. மற்றவர்கள் 2,35,000 போட்ட இடத்தில் இவர்கள் 1,50,000. ஆயிரம் ரூபாய்க்காக 85,000 ரூபாயை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து ஐடிவியை ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் விலையை ஒப்பிடுகிறேன்.

2024 ஜூலையில் ஆர்.எஸ்.புரத்தில் நிறுத்தியிருந்தபோது ஒரு பைக் உரசி, இடது பின்கதவு உள்வாங்கிவிட்டது. ஆள் நிற்கவில்லை. டிங்கரிங், பெயிண்டிங் சேர்த்து 3,800 ரூபாய் என்றார் ஒர்க்‌ஷாப்காரர். "இன்சூரன்ஸ்ல போட்டுடலாம்ல?" என்று அவரே கேட்டார். அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கட்டாயம் நாம் ஏற்க வேண்டிய 1,000 ரூபாய் போகும். பெயிண்டுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். கைக்கு வருவது சுமார் 2,400. ஆனால் க்ளைம் போட்டால் போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அந்த நவம்பரில் 25 சதவீதம் போகும், அடுத்த வருடம் 35 வர வேண்டிய இடத்தில் 20 வரும். இப்படியே 50ஐத் தொடும்வரை ஐந்து வருட இழப்பைக் கூட்டினால் சுமார் 2,640 ரூபாய் வருகிறது. க்ளைம் போடவில்லை. ஒர்க்‌ஷாப்காரரும் கணக்கைப் பார்த்துவிட்டு 300 ரூபாய் குறைத்துக்கொண்டார்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் நிற்பதைப் பார்க்காத கோவைக்காரர் இல்லை. தண்ணீருக்குள் வண்டி நின்று, மறுபடி ஸ்டார்ட் செய்யப் போய் இன்ஜின் போனால், சாதாரண பாலிசியில் அந்தச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். என் காரின் வயதுக்கு அதைத் தர ஒரு நிறுவனம்தான் முன்வந்தது, விலையும் அதிகம். எடுக்கவில்லை. மழை பெய்தால் மேம்பாலம் வழியாகச் சுற்றிப் போகிறேன், அரை மணி நேரம் கூடுதலானாலும் சரி.

தேதியையும் விடக்கூடாது. பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்த போனஸ் அத்தனையும் போய்விடும். நண்பன் ஒருவன் வேலைக்காக வெளியூர் போய் நான்கு மாதம் கழித்துப் புதுப்பித்தான். 45 சதவீதம் ஒரே நாளில் காணாமல் போனது. நான் போனில் பத்து நாள் முன்னதாகவே அலாரம் வைத்திருக்கிறேன்.

போன மாதம் சித்தப்பா மகள் ஒரு பழைய ஆல்ட்டோ வாங்கினாள். அவளுக்கு 22 வயது. ஆர்சியில் பெயர் மாறிய மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு இன்சூரன்ஸ் கிளைக்குப் போனேன். விண்ணப்பம், ஆர்சி நகல், பழைய உரிமையாளரின் போனஸை நீக்கியதால் மீதி நாட்களுக்குக் கட்ட வேண்டிய வித்தியாசத் தொகை, எல்லாம் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் அவள் பெயரில் பாலிசி வந்துவிட்டது. அந்தத் தாளை அங்கேயே நின்று வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் கிளம்பினோம்.