கெபியன் கூடையா, கொட்டுக்கல்லா: ஆற்றுக்கட்டின் வெளிவளைவுக்கு எது?

மாரி முடிந்து தண்ணீர் வடிந்ததும், மட்டக்களப்பின் முந்தனை ஆற்று வளைவுகளில் ஆறு கரைக்கட்டை எங்கெங்கே தின்றிருக்கிறது என்பது பளிச்செனத் தெரியும். அந்த இடங்களை அடுத்த மாரிக்கு முன் எதைக் கொண்டு காப்பது? கொங்கிரீட் சுவர், கெபியன் எனப்படும் கல் நிரப்பிய கம்பிக்கூடை, தளர்வாகப் பரவும் கொட்டுக்கல் என மூன்று வழிகள் உண்டு. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் திறந்த வட்டைகளை (வயல்வெளிகளை) ஒட்டிய கட்டுக்கு என் தெரிவு கொட்டுக்கல்தான்.

கொங்கிரீட்டை முதலில் ஒதுக்கிவிடலாம். வெள்ளம் சட்டென இறங்கும்போது கட்டுக்குள் ஊறிய தண்ணீர் அதே வேகத்தில் இறங்காது. பின்னாலிருந்து சுவரைத் தள்ளும். வடிகுழாய்கள் சேற்றால் அடைத்துக்கொண்டால் சுவர் சாய்வது நிச்சயம். பாலத்தடி, மதகடி தவிர மற்ற இடங்களுக்கு அது வீண்செலவு.

கெபியன் நல்ல முறைதான், ஆனால் வேலை சுத்தமாக இருக்க வேண்டும். வழக்கமான கூடை 2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரம். நடுவில் தடுப்பு வலை ஒன்று, 8 × 10 செ.மீ. கண், 2.7 மி.மீ. கம்பி. கல் 10 முதல் 20 செ.மீ. வரை இருந்தால் கண்ணுக்குள்ளால் நழுவாது. முகப்புக் கல்லைக் கையால் அடுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் ஒருமுறை, மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் ஒருமுறை என முன்வலையையும் பின்வலையையும் குறுக்குக் கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும். பெக்கோவால் கல்லை அள்ளிக் கொட்டி மூடியை மூடிவிட்டால் ஒரே மாரியில் கூடை வயிறு தள்ளும். பக்கத்துக் கூடையோடு விளிம்பு முழுவதும் தைக்காமல் நாலு இடத்தில் முறுக்கிவிட்டுப் போவதும் கண்காணிப்பு இல்லாத இடங்களில் நடப்பதுதான்.

கம்பிதான் அதன் பலம், பலவீனமும் அதுவே. வெள்ளத்தில் அடித்துவரும் மரக்குற்றி மோதி இரண்டு மூன்று கண் அறுந்தால் அந்த ஓட்டையால் கல் கொட்டத் தொடங்கும். பாதி காலியான கூடையை ஆறு நசுக்கிவிடும். வாவிப் பக்கம் உவர்நீர் ஏறும் இடங்களில் வெறும் நாகப்பூச்சுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், அங்கே பீ.வீ.சீ. உறை போட்ட கம்பி கட்டாயம்.

இனிக் கொட்டுக்கல். ஆற்றின் வேகத்தை அறிய, வெளிவளைவில் ஒரு குரும்பையைப் போட்டுப் பாருங்கள். 25 மீற்றரை 10 செக்கனில் கடந்தால் மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு 2.5 மீற்றர். அந்தச் சுழலுக்குச் சராசரி 25 செ.மீ. கருங்கல், ஏறத்தாழ 22 கிலோ, வேண்டும். வேகம் 3 மீற்றரானால் கல்லின் எடை மூன்று மடங்காகும், 65 கிலோவுக்கு மேல். உயர்ந்தது வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று அசட்டையாக இருக்கக் கூடாது. கட்டின் சரிவு 1க்கு 2 (உயரம் 1, கிடை 2), கல் படையின் தடிப்பு 50 செ.மீ. அடியில் தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் நெய்யாத ஜியோ துணி, அதன்மேல் 10 செ.மீ. சரளை. துணியை விட்டால் கல் இடுக்கால் கட்டின் மண் உறிஞ்சப்படும். வெளியே கல் அப்படியே இருக்க உள்ளே கட்டு குழிந்துபோகும்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது கட்டின் அடிக்கால். மணல் அகழும் ஆற்றில் படுகை ஆண்டுக்காண்டு தாழும். கட்டு பெரும்பாலும் உடைவது மேலிருந்து அல்ல, அடி அறுபட்டுத்தான். படுகை தாழ்ந்தால் சுவர் அந்தரத்தில் நிற்கும். கெபியன் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பிறகு கிழியும். கொட்டுக்கல்லோ தானே உருண்டு இறங்கி, அறுந்த இடத்தை மூடும். அதற்கு அடியில் கல் சேமிப்பு இருக்க வேண்டும். 2 மீற்றர் ஆழம் அறுபடும் என்று எதிர்பார்த்தால், கட்டின் காலடியில் 3 மீற்றர் அகலம், 1 மீற்றர் தடிப்பில் கல் பரப்புங்கள். அது கட்டின் ஒரு மீற்றர் நீளத்துக்கு 3 கன மீற்றர், நம் கணக்கில் ஒரு கியூப்புக்கு (100 கன அடி) சற்று மேல். மதிப்பீட்டில் முதலில் வெட்டுப்படுவதும் இந்தக் கல்தான், ஏனென்றால் தண்ணீருக்குள் போவது யார் கண்ணுக்கும் தெரியாது.

இரண்டு முனைகளையும் மறக்க வேண்டாம். வளைவுக்கு மேலே ஆற்றின் அகலமளவு, கீழே ஒன்றரை மடங்கு வரை கல்லை நீட்டி, முனையைக் கரைக்குள் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு பின்னால் சுற்றிக்கொண்டு வரும்.

திருத்துவதற்கு எது எளிது என்பதும் இங்கேதான் தெரியும். கெபியன் கிழிந்தால் கம்பி, தைக்கத் தெரிந்த ஆள், ஒப்பந்தம் எல்லாம் வேண்டும். கொட்டுக்கல் இறங்கினால் உழவு இயந்திரமும் பத்துப் பேரும் போதும். கமக்காரர் அமைப்பு சிரமதானத்தில் முடித்துவிடும்.

வீடோ வீதியோ ஒட்டிநிற்கும் இடத்தில் 1க்கு 2 சரிவுக்கு நிலம் கிடைக்காது. அங்கே கெபியன்தான் சரி. வெட்டிவேர், மருது, மூங்கில் ஆகியவை உள்வளைவுக்கும் கட்டின் மேற்பாதிக்கும் நல்லவை. வெளிவளைவின் அடிக்காலை அவற்றை மட்டும் நம்பி விடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கட்டின் தலைக்கு மேலால் பாயும் வெள்ளத்தை இவற்றில் எதுவும் தடுக்காது. 2011 தை மாத வெள்ளம் போன்றது வந்தால், தப்புவது கட்டின் உயரத்தையும், வாவி கடலில் சேரும் முகத்துவாரம் திறந்திருப்பதையும் பொறுத்தது.

வேலையைச் சிறுபோக அறுவடையோடு தொடங்கி ஐப்பசிக்குள் முடிக்க வேண்டும். மொத்தக் கல்லில் 5 வீதத்தைக் கட்டின் மேலேயே குவித்து வையுங்கள். கிரான் – புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போனபின் அந்தப் பக்கம் டிப்பர் போகாது.