தூசி தட்டிய கூலி 1,770 ரூபாய்

போன வாரம் பி.எட். காலத்துத் தோழி போன் பண்ணினாள். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒன்றரை லட்சம் தருகிறார்களாம். "உங்க ஸ்கூல்ல அந்தப் பெரிய டச் பேனல் இருக்குல்ல, எப்படிடி இருக்கு? நாங்களும் அதையே வாங்கிடலாமா?" என்றாள். கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் அதற்கு சர்வீஸ் பில் கட்டியிருந்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். இப்போது கோபம் முக்கால்வாசி ஆறியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

வகுப்பில் விரலால் தொட்டு எழுதுகிற, பெரிய டிவி மாதிரியான திரை அது. 65 அங்குலம், ஒரே நேரத்தில் 20 விரல் வரை டச், உள்ளேயே ஆண்ட்ராய்டு. இதெல்லாம் தெரிந்ததுதான். எங்கள் பள்ளிக்கு வந்து 27 மாதம் ஆகிறது. படம் பிரமாதம். பழைய புரொஜெக்டருக்கு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, சித்திரை வெயிலில் 41 பிள்ளைகளோடு வெந்துகொண்டிருப்போம். இதில் பட்டப்பகலிலும் கடைசி பெஞ்சுக்கு எழுத்து தெரிகிறது. ஸ்பீக்கரும் போதும். கரண்ட் போய் வந்தால் மறுபடி உயிர் பெற நேரம் எடுக்கும், பிள்ளைகள் கோரஸாக ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். அது பரவாயில்லை.

என் பிரச்சினை அந்த டச்தான்.

முதல் தை மாதம் ஆரம்பித்தது. காலை முதல் பீரியடில் மட்டும் திரை தானாகக் கோடு போடும். நான் கையே வைத்திருக்க மாட்டேன், கீழே இடது மூலையிலிருந்து ஒரு சிவப்புக் கோடு எழுந்து போகும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "மிஸ், பேய்!" இரண்டாவது பீரியடில் பேய் போய்விடும். இரண்டு வாரம் கழித்துத்தான் பிடிபட்டது. கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் நேராகத் திரையைச் சுற்றியுள்ள சட்டத்தில் விழுகிற நேரத்தில்தான் இந்தக் கூத்து. இந்த வகை பேனலில் கண்ணாடிக்குத் தொடு உணர்ச்சி கிடையாது. நான்கு பக்கச் சட்டத்துக்குள்ளும் அகச்சிவப்பு எல்இடிகளும், எதிர்ப்பக்கம் அவற்றைப் பார்க்கும் உணரிகளும் வரிசையாக இருக்கும். டிவி ரிமோட்டில் இருக்கிற அதே கண்ணுக்குத் தெரியாத ஒளிதான். விரல் அந்தக் கதிர்களை மறைத்தால், எங்கே மறைத்தது என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது, அதனால் உணரி குழம்பிப் போகிறது. இயற்பியல் நடத்துகிற எனக்கே இது தெரிய இரண்டு வாரம் ஆனது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டு விழா ஃபிளெக்ஸை வெட்டி ஜன்னலில் கட்டினோம், சரியானது.

அப்புறம் புடவை. கதிர்களை எது மறைத்தாலும் அதற்கு விரல்தான். முந்தானை சட்டத்துக்குள் லேசாக நுழைந்தால் போதும், பக்கம் மாறிவிடும், இல்லையென்றால் வரைந்தது அழிந்துவிடும். இதை வடிவமைத்தவர் புடவை கட்டிக்கொண்டு ஒரு நாளாவது பாடம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் வகுப்புக்குள் போகிறேன், வயல் வேலைக்குப் போகிற மாதிரி.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மூன்று மாதம் முன்பு அதே இடது மூலை நாள் முழுக்கத் தானாக அமுங்க ஆரம்பித்தது. எதைத் திறந்தாலும் மூடிக்கொள்ளும். புகார் கொடுத்து 19 நாள் கழித்து ஒரு தம்பி வந்தார். பையிலிருந்து சின்ன பெயிண்ட் பிரஷ் ஒன்றை எடுத்து, கீழ்ச் சட்டத்தின் இடுக்கில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு முறை ஓட்டினார். வெள்ளையாகக் கொட்டியது. சாக்பீஸ் தூள். பேனலுக்குப் பக்கத்திலேயே கரும்பலகை, அதில் கணக்கு சார் ஒரு நாளைக்கு மூன்று பீரியட் எழுதி அழிக்கிறார். தூள் வந்து சட்டத்தில் உட்கார்ந்து கதிரை மறைத்திருக்கிறது, பேனல் அதை ஓயாமல் அமுக்குகிற விரல் என்று நினைத்திருக்கிறது. மொத்த வேலையும் ஏழு நிமிடம். வாரன்ட்டி மூன்று வருடம், ஆனால் "தூசி அதுல வராது மேடம்." வந்து பார்த்த கட்டணம் 1,500, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 1,770 ரூபாய். தூசி தட்ட.

பள்ளிக்கூடத்துக்கு விற்கிற பொருளுக்கு சாக்பீஸ் தூள் ஆகாது என்றால், நாய்க்கு விற்கிற சங்கிலி குரைத்தால் அறுந்துவிடும் என்கிற மாதிரி இருக்கிறது. வாங்கும்போது சட்டத்தை வாரம் ஒரு தடவை துடையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது, அது அந்த 19 நாளில் நடந்தது.

பேய் தொல்லை தாங்காமல் லேப்டாப்புக்கு வருகிற டச் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். படத்துக்கு எச்டிஎம்ஐ கேபிள் மட்டும். கைக்கு, அலுவலகத்தில் கிடந்த 350 ரூபாய் வயர்லெஸ் மவுஸ். பாடம் ஒளியியல். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற அறிவியல் தளத்தில், லென்ஸ் சோதனையைத் திரையிலேயே நகர்த்திச் செய்து பார்க்கிற சிமுலேஷன் ஒன்று இருக்கிறது. இலவசம், இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் தேவையில்லை. (நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. காசு கொடுத்து வாங்கிய எந்த மென்பொருளும் எனக்கு இவ்வளவு உழைத்ததில்லை.) நான் மேசையில் உட்கார்ந்து மவுஸை உருட்டிக்கொண்டிருந்தேன். முன் பெஞ்சுப் பையன், "மிஸ், நான் ஒரு தடவை இழுக்கவா?" என்றான். கொடுத்தேன். அவனிடமிருந்து அடுத்தவன், அப்புறம் பின் பெஞ்சு. நோட்டை அட்டையோடு கீழே வைத்து, அதன் மேல் மவுஸை வைத்து, ஒவ்வொருவராக.

கடைசி பெஞ்சில் ஒரு பெண். இரண்டு வருடமாகப் பலகைப் பக்கம் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். மவுஸ் அவளிடம் போனது. குவிலென்சுக்கு முன்னால் நிற்கும் பென்சிலை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தாள். மறுபக்கம் பிம்பம் பெரிதாகிக்கொண்டே விலகிப் போனது. சரியாகக் குவியத்தில் நிறுத்தினாள். பிம்பத்தைக் காணோம். கதிர்கள் இணையாகப் போய்க்கொண்டிருந்தன. "மிஸ், படம் எங்க போச்சு?" என்று அவள்தான் கேட்டாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே, சத்தமாக. பதிலை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ஈறிலாத் தொலைவுக்குப் போயிருச்சுடி" என்று மூன்று பெஞ்சு தள்ளி ஒருத்தன் கத்தினான். "இன்னும் உள்ள தள்ளு, என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்று இன்னொருத்தி. 20 விரல் டச் இருந்த இரண்டு வருடத்தில் இப்படி ஒரு பீரியட் எனக்கு வாய்த்ததில்லை. திரை முன்னால் இரண்டு பேர் நின்றால் மற்ற 39 பேருக்கும் அவர்கள் முதுகுதான் தெரியும். குள்ளமான பிள்ளைகளுக்கு மேல் பாதி எட்டவும் எட்டாது.

கூட்டு வேலை என்றால் இன்னொன்றும் நன்றாக நடக்கிறது. கணினி ஆய்வகத்தில் கூகுள் ஸ்லைட்ஸ் இணைப்பு ஒன்றைக் கொடுத்து, குழுவுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துவிடுவேன். கூகுள் கணக்கு இல்லாமல் நுழைகிறவர்களுக்கு அது ஒரு விலங்கின் பெயர் வைக்கிறது. முதல் பத்து நிமிடம் "நான் கேப்பிபாரா" சத்தத்திலேயே போய்விடும். ஒரு நாள் ஒரு குழு செய்த பக்கத்தை யாரோ அழித்துவிட்டார்கள். பதிப்பு வரலாற்றில் போய் மீட்டுவிட்டேன், ஆனால் செய்தது யாரென்று அதில் தெரியாது. தெரிந்தவரை ஒரு விலங்கு.

சரி, தோழிக்கு என்ன பதில்? படத்துக்காக மட்டும் என்றால் பெரிய சாதாரண டிவி, லேப்டாப், இரண்டு மவுஸ் போதும், மீதிப் பணத்தில் ஆய்வகத்துக்கு லென்சும் பேட்டரியும் வாங்கு என்று சொல்வேன். பேனலை வாங்காதே. டச் திரும்பச் சரியான பிறகும் என் வகுப்பில் மவுஸ்தான் சுற்றுகிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு, தினமும் சாயங்காலம் பழைய காட்டன் புடவைக் கிழிசலால் அந்தச் சட்டத்தை நான்தான் துடைக்கிறேன், கணக்கு சாரை அதன் பக்கத்தில் அண்டவிடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று இதைச் சொல்லத்தான் அவளுக்குப் போன் போட்டேன்.

"வாங்கியாச்சுடி. நாளைக்கு வந்து மாட்டுறாங்க."

"எந்தச் சுவத்துல?"

"கரும்பலகைக்குப் பக்கத்துலதான். ஏன்?"

"கிழக்குப் பக்கம் ஜன்னல் இருக்கா?"